மூன்று ஆட்டங்களும் ஒரு நிலத்தகராறும்

எல் சல்வடோர், ஹோண்டுராஸ் ஆகிய இரண்டு நாடுகளின் கொடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே நீலம், நடுவே வெள்ளை, கீழே நீலம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மத்திய அமெரிக்கா ஒரே கூட்டாட்சியாக இருந்தபோது பறந்த கொடியிலிருந்து பிறந்தவை இரண்டும். ஹோண்டுராஸ் கொடியின் நடுவில் ஐந்து நட்சத்திரங்கள் உண்டு. பிரிந்துபோன ஐந்து நாடுகளும் என்றைக்காவது மறுபடி ஒன்றுசேரும் என்ற ஆசைக்காக வைத்தவை. இரு நாட்டுக்கும் சுதந்திர தினம் செப்டம்பர் 15. பேசுவது ஸ்பானிஷ், கும்பிடுவது ஒரே சாமியை, சாப்பிடுவது சோளமும் பீன்ஸும்.

இந்த இரண்டு நாடுகளும்தான் 1969 ஜூலையில் ஒன்றன் மேல் ஒன்று குண்டு போட்டுக்கொண்டன. அதற்கு மூன்று வாரம்கூட ஆகவில்லை, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் மோதி முடித்திருந்தார்கள். அதனால் உலகம் இதைக் 'கால்பந்துப் போர்' என்று அழைத்துவிட்டது. 'ஒரு கோலுக்காக நாடே சண்டைக்குப் போனதாம்' என்று இன்றும் இதை ஒரு விநோதச் செய்தியாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். செத்தது இரண்டாயிரம் பேருக்கு மேல் என்கிறார்கள். அதில் பெரும்பாலோர் எல்லையோரக் கிராமத்து ஜனங்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஆட்டத்தின் ஸ்கோர் தெரிந்திருக்கும்?

அதே சமயம், 'கால்பந்துக்கும் போருக்கும் சம்பந்தமே இல்லை, அது வெறும் தற்செயல்' என்று முடித்துவிடுவதையும் நான் ஏற்கமாட்டேன். கால்பந்து அந்த மூன்று வாரங்களில் ஒரு வேலை செய்தது. ஏழை விவசாயிக்கும் பெரிய பண்ணைக்காரருக்கும் இடையே இருந்த தகராறை எடுத்து, நாட்டுக்கும் நாட்டுக்குமான தகராறாக மாற்றிக் கொடுத்தது. எப்படி என்று பார்க்க, முதலில் மைதானத்தை விட்டு வயலுக்குப் போக வேண்டும்.

எல் சல்வடோர் சின்ன நாடு. சுமார் 21,000 சதுர கிலோமீட்டர்தான். ஹோண்டுராஸ் அதைப் போல ஐந்து மடங்குக்கு மேல், 1,12,000 சதுர கிலோமீட்டர். ஆனால் 1960களில் சின்ன நாட்டில்தான் ஜனம் அதிகம். எல் சல்வடோரில் முப்பது லட்சத்துக்கு மேல், ஹோண்டுராஸில் இருபத்தைந்து லட்சம் சொச்சம். 'இடம் போதவில்லை, ஜனம் பெருகிவிட்டது, அதனால் வழிந்தது' என்று கணக்கு முடிப்பவர்கள் இந்த எண்களைத்தான் காட்டுவார்கள். இது பாதிக் கதை.

மீதிக் கதை காப்பியில் இருக்கிறது. 1881, 1882 ஆண்டுகளில் எல் சல்வடோர் அரசு சட்டம் போட்டுக் கிராமப் பொதுநிலங்களை ஒழித்தது. பூர்வகுடி சமூகங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து பயிரிட்டுவந்த நிலங்கள் அவை. எரிமலைச் சரிவில் காப்பிக்கு வாகான மண். சில பத்தாண்டுகளில் அந்த நிலம் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களின் கைக்குப் போய்விட்டது. 'பதினான்கு குடும்பங்கள்' என்று அந்த நாட்டில் இன்றும் சொல்வார்கள். உண்மையில் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், ஆனால் சொல்ல வந்தது எல்லாருக்கும் புரியும். 1932 ஜனவரியில் மேற்குப் பகுதி விவசாயிகள் எழுந்தார்கள். ராணுவம் சில வாரங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்று அடக்கியது. அதற்கு ஸ்பானிஷில் 'லா மத்தான்சா', அதாவது 'படுகொலை' என்றே பெயர். அதற்கப்புறம் அந்த நாட்டில் நிலம் பற்றி வாய் திறக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அதனால் நடக்க ஆரம்பித்தார்கள். கிழக்கிலும் வடக்கிலும் எல்லைக்கு அந்தப் பக்கம் ஹோண்டுராஸ். அதன் வடகரையில் யுனைடெட் ஃப்ரூட், ஸ்டாண்டர்ட் ஃப்ரூட் என்ற அமெரிக்கக் கம்பெனிகளின் வாழைத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அப்படி நடந்து போன ஒருவரை நினைத்துப் பாருங்கள். இளைஞனாக எல்லை தாண்டி வாழைத்தார் சுமந்தவர். 1954இல் அந்தப் புகழ்பெற்ற வாழைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்து முடிந்தபின் கம்பெனிகள் ஆயிரக்கணக்கானவர்களை வேலையை விட்டு அனுப்பியபோது இவருக்கும் வேலை போயிற்று. ஊர் திரும்பினால் காலடி மண்கூடச் சொந்தமில்லை. சரி என்று உள்ளே போய், யாரும் உழாத ஒரு மலைச்சரிவில் காட்டை வெட்டி, எரித்து, சோளம் விதைக்கிறார். ஹோண்டுராஸ்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறார். பிள்ளைகள் அங்கேயே பிறக்கிறார்கள். பக்கத்து நிலத்துக்காரரும் அவரைப் போலவே பத்திரம் இல்லாத ஆள்தான், என்ன, அவர் ஹோண்டுராஸில் பிறந்தவர். இரண்டு பேருக்கும் ஒரே மழை, ஒரே கடன்காரர், ஒரே பயம்.

1960களின் கடைசியில் இப்படி ஹோண்டுராஸில் இருந்த சல்வடோர்காரர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். நாட்டில் பத்தில் ஒருவருக்கும் மேல்.

ஹோண்டுராஸ் விவசாயிகளுக்கும் நிலம் வேண்டும். அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது. 1962இலேயே நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்துவிட்டது. அடுத்த ஆண்டே ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்தார் ஜெனரல் ஒஸ்வால்தோ லோபெஸ் அரெயானோ. விவசாயச் சங்கங்கள் நெருக்கின. நகரங்களில் வேலைநிறுத்தம், விலைவாசி. அரசாங்கம் நிலம் கொடுத்தாக வேண்டிய கட்டாயம். யாரிடமிருந்து எடுப்பது? வாழைக் கம்பெனிகளிடம் நிறைய இருந்தது. மாட்டுப் பண்ணை முதலாளிகளிடம் இன்னும் நிறைய. அந்த முதலாளிகள் 1966இல் ஃபெனாக் என்று ஒரு கூட்டமைப்பே கட்டிக்கொண்டார்கள். 'நம் நிலத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்நியன்தான்' என்ற பேச்சைப் பரப்பியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சீர்திருத்தச் சட்டத்திலும் வசதியாக ஒரு விதி இருந்தது: நிலம் ஹோண்டுராஸில் பிறந்தவர்களுக்கு மட்டும். 1969 தொடக்கத்தில் இரு நாட்டுக்கும் இடையிலான குடியேற்ற ஒப்பந்தம் காலாவதியானபோது ஹோண்டுராஸ் அதைப் புதுப்பிக்கவில்லை. ஏப்ரலிலிருந்து தேசிய நில நிறுவனம் சல்வடோர்காரர்களை வெளியேற்றத் தொடங்கியது.

நான் மேலே சொன்ன அந்த மனிதருடைய மலைச்சரிவுக்கு ஒரு காகிதம் வந்தது அப்போதுதான்.

எல்லைக்கு இந்தப் பக்கம், எல் சல்வடோரில், பண்ணைக்காரர்களுக்கு வேறு கவலை. நிலமில்லாதவர்கள் வெளியே போய்க்கொண்டிருந்த வரை உள்ளூரில் கேள்வி எழவில்லை. இப்போது மூட்டை முடிச்சோடு ஆயிரக்கணக்கில் திரும்புகிறார்கள். திரும்புகிறவன் கையில் மண் இல்லை, மனதில் ஆத்திரம் இருக்கிறது. ஜனாதிபதி ஃபிதெல் சான்செஸ் எர்னாந்தெஸுக்கும் அது தெரியும். ஆக, இரண்டு அரசாங்கங்களுக்கும் ஒரே தலைவலி: நிலம் கேட்கும் ஏழை. இரண்டுக்கும் கிடைத்த வழியும் ஒன்றே. பக்கத்து நாட்டைக் கை காட்டுவது.

இந்த இடத்தில்தான் கால்பந்து வருகிறது.

1970 உலகக் கோப்பை மெக்சிகோவில். அந்த வட்டாரத்திலிருந்து வழக்கமாக உலகக் கோப்பைக்குப் போவது மெக்சிகோதான். இந்த முறை போட்டியை நடத்தும் நாடு என்பதால் அதற்கு நேரடி இடம். எனவே இன்னொரு இடம் காலியாகக் கிடந்தது. எல் சல்வடோரும் ஹோண்டுராஸும் அதற்கு முன் உலகக் கோப்பையில் ஆடியதே இல்லை. தகுதிச்சுற்றின் அரையிறுதியில் இரண்டும் நேருக்கு நேர்.

ஜூன் 8, ஹோண்டுராஸ் தலைநகர் தெகுசிகல்பா. முந்தைய இரவு சல்வடோர் வீரர்கள் தங்கியிருந்த ஓட்டலைச் சுற்றி ஹோண்டுராஸ் ரசிகர்கள் கூடி விடிய விடியக் கூச்சல் போட்டார்கள். தூங்காத கண்களோடு ஆடிய சல்வடோர், கடைசி நேரத்தில் ஒரு கோல் வாங்கி 1–0 என்று தோற்றது. ஒரு வாரம் கழித்து, ஜூன் 15, எல் சல்வடோரின் தலைநகர் சான் சல்வடோரில் ஃப்ளோர் பிளாங்கா அரங்கம். இப்போது தூங்கவிடாமல் அடிப்பது இவர்கள் முறை. ஓட்டல் ஜன்னல்கள் உடைந்தன. ஹோண்டுராஸ் வீரர்களை ராணுவக் காவலோடு மைதானத்துக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. உயிரோடு ஊர் போய்ச் சேர்வோமா என்று நினைத்துக்கொண்டு ஆடுகிறவன் எப்படி ஆடுவான்? 3–0. கூட வந்திருந்த ஹோண்டுராஸ் ரசிகர்கள் அடிபட்டார்கள், கார்கள் எரிந்தன.

அப்போது கோல் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யும் விதி இல்லை. ஆளுக்கு ஒரு வெற்றி என்றால் மூன்றாவது ஆட்டம். இந்த விதியைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் சல்வடோர் 3–1. இன்றைய முறைப்படி என்றால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். மூன்றாவது ஆட்டம் என்றதும் இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் பத்திரிகைகளுக்கும் வானொலிக்கும் கிடைத்தது. சான் சல்வடோரில் நடந்ததைக் கேட்ட ஹோண்டுராஸ் நகரங்களில் சல்வடோர்காரர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. வெளியேற்றம் ஓட்டமாக மாறியது. எல்லையில் தினமும் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். சல்வடோர் வானொலிக்கு அது போதாதா.

ஜூன் இறுதியில் மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா அரங்கில் மூன்றாவது ஆட்டம். ஏறக்குறைய அதே நேரத்தில் எல் சல்வடோர் அரசு ஹோண்டுராஸுடன் தூதரக உறவை முறித்துக்கொண்டது. தொண்ணூறு நிமிடம் முடிந்தபோது 2–2. கூடுதல் நேரத்தில், 101ஆவது நிமிடம், குறுக்கே வந்த பந்தைச் சறுக்கிப் போய் வலைக்குள் தள்ளினார் மௌரிசியோ ரோட்ரிகேஸ். எல்லாரும் 'பிப்போ' என்று அழைக்கும் முன்கள வீரர். 3–2. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணி வீரர்களும் கைகுலுக்கிக்கொண்டுதான் போனார்கள். பல ஆண்டுகள் கழித்து அளித்த பேட்டிகளில் பிப்போ அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். தோற்றால் வாழ்நாள் முழுக்க அவமானம் துரத்தும் என்ற பயம் இருந்ததாம். அந்த கோலை ஒரு போருக்குச் சின்னமாக ஆக்கிவிடுவார்கள் என்று மட்டும் அன்றைக்குத் தெரியாது என்றார்.

அவர் சொன்னதை நான் அப்படியே நம்புகிறேன். மைதானத்துக்குள் இருந்தவர்களிடம் பகை இல்லை. அது கேலரியில் இருந்தது, அதைவிட அதிகமாக அரங்குக்கு வெளியே இருந்தது.

நிலத்தகராறில் ஒரு சிக்கல் உண்டு, ஆட்சியாளர்களுக்குத்தான் சிக்கல். அதில் யார் யாருக்கு எதிர் என்பது தெளிவாகத் தெரியும். எல் சல்வடோரில் காப்பித் தோட்ட முதலாளியும் காப்பி பறிக்கும் கூலியும் எந்த விஷயத்திலும் 'நாம்' என்று சேர்ந்து சொல்ல முடியாது. ஹோண்டுராஸிலும் மாட்டுப் பண்ணைக்காரரும் வேலிக்கு வெளியே குடிசை போட்டவரும் அப்படித்தான். தேசிய அணி ஆடும் தொண்ணூறு நிமிடத்தில் மட்டும் அந்த 'நாம்' சாத்தியம். ஒரே பாட்டு, ஒரே கொடி, ஒரே தொண்டை. அதில் தப்பில்லை. நானும் கால்பந்து பார்ப்பவன், அந்த 'நாம்' தரும் சுகம் எனக்குத் தெரியும். சம்பளம், சாதி, நிறம் எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் இறக்கி வைக்க முடிகிற இடங்கள் வாழ்க்கையில் எத்தனை இருக்கின்றன?

ஆட்டம் முடிந்த பிறகும் அந்த 'நாம்' கலையாமல் பார்த்துக்கொள்ள ஒரு அரசாங்கம் முடிவெடுத்தால்தான் ஆபத்து. 1969 ஜூனில் இரண்டு அரசாங்கங்களும் அந்த முடிவை எடுத்தன. நிலம் கேட்டுத் தெருவில் நின்றிருக்க வேண்டியவன் பக்கத்து நாட்டுக்காரனை அடிக்கத் தெருவுக்கு வந்தான். மலைச்சரிவில் அடுத்தடுத்து சோளம் விதைத்த இரண்டு பேரில் ஒருவர் திடீரென்று எதிரணி ஆகிவிட்டார். ஒரு பண்ணை வேலிக்கும் சேதமில்லை.

ஜூலை 14 மாலை சல்வடோர் விமானங்கள் தெகுசிகல்பாவின் தொன்கொந்தின் விமான நிலையத்தின் மேல் குண்டு போட்டன. குண்டுவீச்சு விமானங்கள் போதாமல், சரக்கு ஏற்றும் சி-47 விமானத்திலிருந்தும் குண்டுகளைத் தள்ளிவிட்டார்கள். தரைப்படை எல்லை தாண்டி நுவேவா ஓகோதெபெகே நகரைப் பிடித்தது. மூன்று நாள் கழித்து ஹோண்டுராஸ் விமானி ஃபெர்னாந்தோ சோட்டோ ஒரே நாளில் மூன்று சல்வடோர் விமானங்களைச் சுட்டு வீழ்த்தினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து வடிவமைப்பில் வந்த காற்றாடி விமானங்கள் வானில் ஒன்றோடொன்று மோதிய கடைசிச் சண்டை அதுதான் என்பதால் விமானப் பிரியர்கள் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எனக்கு அதைவிட அதிகமாகத் தைத்தது வேறு ஒரு விவரம். போர் தொடங்கியதும் ஹோண்டுராஸில் மிச்சமிருந்த சல்வடோர்காரர்களைப் பிடித்து அடைத்துவைத்தார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய இடங்களில் விளையாட்டு அரங்குகளும் உண்டு.

அமெரிக்க நாடுகள் அமைப்பு தலையிட்டு ஜூலை 18 இரவு சண்டையை நிறுத்தியது. ஏறத்தாழ நூறு மணி நேரம். பொருளாதாரத் தடை என்று மிரட்டிய பிறகுதான் சல்வடோர் படைகள் ஆகஸ்ட் தொடக்கத்தில் வெளியேறின. மத்திய அமெரிக்கப் பொதுச்சந்தை அதோடு படுத்துவிட்டது. அப்புறம் சல்வடோர் ஹைட்டியையும் வென்று உலகக் கோப்பைக்குப் போனது. மெக்சிகோவில் மூன்று ஆட்டத்திலும் தோல்வி, ஒரு கோல்கூடப் போடவில்லை.

ஒரு லட்சம் பேர் வரை ஊர் திரும்பியிருந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்க நிலம் இல்லை என்றார்கள். உண்மையில் இருந்தது, கொடுக்க மனமில்லை. அடுத்த பத்து ஆண்டுகளில் கிராமப்புறம் கொதித்தது, கேட்டவர்கள் காணாமல் போனார்கள், 1980இல் நாடு முழு உள்நாட்டுப் போருக்குள் விழுந்தது.

அந்த ஆண்டு மே 14, சும்புல் ஆறு. இரு நாட்டு எல்லையாக ஓடும் ஆறு அது. சலாதெனாங்கோ மாகாணத்துக் கிராமத்து மக்கள், பெண்களும் குழந்தைகளுமாக, தங்கள் சொந்த நாட்டு ராணுவத்துக்குப் பயந்து ஆற்றைக் கடந்து ஹோண்டுராஸுக்குள் ஓடப் பார்த்தார்கள். அந்தக் கரையில் ஹோண்டுராஸ் சிப்பாய்கள் நின்று தடுத்துத் திருப்பினார்கள். இந்தக் கரையில் சல்வடோர் ராணுவமும் அதன் துணைப்படையும் சுட்டார்கள். குறைந்தது முந்நூறு பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. அமைத்த உண்மை ஆணையம் பிற்பாடு பதிவு செய்தது. அந்தத் தேதியில் இரண்டு நாட்டுக்கும் இடையே சமாதான ஒப்பந்தம்கூடக் கையெழுத்தாகியிருக்கவில்லை. லிமா நகரில் அது கையெழுத்தானது அக்டோபர் 30இல். சட்டப்படி பகை நாடுகளாக இருந்த இரண்டின் ராணுவங்களும் விவசாயியைத் துரத்துவதில் மட்டும் அதற்கு ஐந்து மாதம் முன்பே ஒத்துப்போயிருந்தன.

1969இல் நடந்தது இரண்டு ஜனங்களுக்கு இடையிலான பகை என்று யாராவது என்னிடம் வாதம் செய்தால் நான் சொல்வது சும்புலைத்தான். தப்பிப் பிழைத்து எப்படியோ கரையேறியவர்கள் போய்ச் சேர்ந்ததும் ஹோண்டுராஸ் மண்ணில் இருந்த மெசா கிராந்தே, கொலோமொன்காகுவா போன்ற அகதி முகாம்களுக்குத்தான்.

கால்பந்துக்குத் திரும்பினால், 1981 நவம்பரில் ஒரு அருமையான திருப்பம் இருக்கிறது. அடுத்த ஆண்டு ஸ்பெயின் உலகக் கோப்பைக்கான வட்டாரப் போட்டி முழுவதும் தெகுசிகல்பாவில் நடந்தது. சல்வடோர் அணி அதே ஊருக்குப் போய் ஆடியது. ஹோண்டுராஸுடன் 0–0. முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு உலகக் கோப்பை. ஹோண்டுராஸ் தகுதி பெற்றாயிற்று. கடைசி ஆட்டம் ஹோண்டுராஸுக்கும் மெக்சிகோவுக்கும். மெக்சிகோ வென்றால் சல்வடோர் வெளியே. ஹோண்டுராஸுக்கோ அந்த ஆட்டத்தில் வெல்லவோ தோற்கவோ எந்தத் தேவையும் இல்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் ஆடி 0–0 என்று முடித்தார்கள். அந்த டிராவால் எல் சல்வடோர் ஸ்பெயினுக்குப் போனது. உள்நாட்டுப் போரின் நடுவில் நைந்துபோய் அங்கே போன அந்த அணி ஹங்கேரியிடம் 10–1 என்று தோற்றது. அந்த அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் அஸ்டெகாவில் கோல் போட்ட அதே பிப்போ ரோட்ரிகேஸ்.

எல்லைத் தகராறு தி ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் வரை போய் 1992 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. சர்ச்சைக்குரிய நிலப்பகுதியில் பெரும்பங்கு ஹோண்டுராஸுக்கு. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த சல்வடோர்காரர்கள் ஒரே நாளில் வேறு நாட்டு மண்ணில் இருந்தார்கள். அவர்களுடைய குடியுரிமைக்கும் நில உரிமைக்கும் இரு அரசுகளும் ஒப்பந்தம் போட 1998 ஆயிற்று. இதற்காக எந்த அரங்கிலும் யாரும் கத்தவில்லை.

இப்போதும் இந்த இரண்டு அணிகளும் ஆடினால் சூடு பறக்கும். 2009 அக்டோபர் 14 அன்று சான் சல்வடோரின் குஸ்கத்லான் அரங்கில் கார்லோஸ் பவோன் போட்ட கோலில் ஹோண்டுராஸ் 1–0 என்று வென்றது. அதே நேரத்தில் வாஷிங்டனில் அமெரிக்கா கடைசி நொடிகளில் கோஸ்டாரிகாவைச் சமன் செய்ய, 28 ஆண்டுகளுக்குப் பிறகு ஹோண்டுராஸுக்கு மறுபடி உலகக் கோப்பைத் தகுதி. எல் சல்வடோர் தலைநகரிலேயே ஹோண்டுராஸ் வீரர்கள் துள்ளிக் குதித்தார்கள். நாற்பது ஆண்டு முன்னால் அந்த நகரத்தில் அவர்களுடைய முன்னோடிகள் ஓட்டல் அறையைவிட்டு வெளியே வர முடியாமல் கிடந்தார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

நில விஷயத்தில் அப்படிச் சந்தோஷப்பட ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த 2009ஐ ஒட்டித்தான் ஹோண்டுராஸின் வடக்கே பாஹோ அகுவான் சமவெளியில், முன்பு வாழைக் கம்பெனிகள் கோலோச்சிய அதே பகுதியில், விவசாயிகள் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்குள் புகுந்து நிலத்தைத் திரும்பக் கேட்டார்கள். அதற்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே கொல்லப்பட்டிருக்கிறார்கள். இந்த முறை பழிபோட அங்கே சல்வடோர்காரர்கள் யாரும் இல்லை.